பத்திரம் இல்லாத வீடு

கேள்வி: எடிசனில் (நியூஜெர்சி) வாடகைக்கு இருக்கிறோம். நானும் மனைவியும் மன்ஹாட்டனில் வேலை பார்க்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள். குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. 1924இல் கட்டிய கட்டடம், ஆறு மாடி, லிஃப்ட் உண்டு. ஐந்தாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. மரத்தரை, வளைவு வாசல்கள், ஜன்னலைத் திறந்தால் கீழே தோட்டம். மனைவி பார்த்த அன்றே மனதைப் பறிகொடுத்துவிட்டாள். விலை 5,65,000 டாலர். ஆனால் மாதம் 1,420 டாலர் பராமரிப்புத் தொகையாம்! எடிசனில் பார்த்த டவுன்ஹவுஸுக்கு 310தான். இது கொள்ளை இல்லையா? சமையலறையை இடித்துப் பெரிதாக்க வேண்டும், வாஷிங் மெஷின் வைக்க வேண்டும். முன்பணத்தில் ஒரு பகுதியை அப்பா ஊரிலிருந்து அனுப்புவார். நாலைந்து வருடத்தில் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது திட்டம். பெற்றோர் வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு தங்குவார்கள். தரகர் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். கடைசியாக ஒன்று: வெட் கிரைண்டர் ஓட்டினால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்களா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். நியூயார்க்கில் வாயால் சொன்ன ‘சரி’ யாரையும் கட்டாது. இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, நீங்கள் வழக்கமான பத்து சதவீத முன்பணத்தைக் கட்டும் வரை நீங்களும் விலகலாம், விற்பவரும் விலகலாம். அதனால் விலை பேசி முடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கும் கையெழுத்துக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு வாரம், பத்து நாள்தான் என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு வேலை. இருபது வருடமாக அந்தப் பத்து நாளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தால் ‘வீடு வாங்குகிறோம்’ என்றே நீங்கள் நினைப்பது தெரிகிறது. இந்தக் கட்டடம் கோ-ஆப். இங்கே நீங்கள் வீடு வாங்கவில்லை. சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கினால் உங்கள் பெயரில் கிரயப் பத்திரம் பதிவாகும், மனையில் யூடிஎஸ் என்று இத்தனை சதுர அடி பிரிபடாத பங்கு வரும், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பீர்கள். கோ-ஆப்பில் இதெல்லாம் கிடையாது. நிலமும் கட்டடமும் ஒரு நிறுவனத்தின் சொத்து. நீங்கள் அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளைக் கையில் வைத்திருப்பதால், ஐந்தாவது மாடியில் இந்த வீட்டில் வசிக்க நீண்டகாலக் குத்தகை ஒன்று தருகிறார்கள். கையில் வருவது ஒரு பங்குச் சான்றிதழும் ஒரு குத்தகை ஆவணமும். வங்கிக் கடன் வாங்கினால் அந்தச் சான்றிதழையும் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. நிலத்தை அடமானம் வைக்காததால் நியூயார்க்கின் அடமானப் பதிவு வரி கிடையாது. 80 சதவீதம் கடன் என்றால் உங்களுக்கு 4,52,000 டாலர். இதே கடனில் காண்டோ (சென்னை ஃபிளாட் போல உங்கள் பெயரிலேயே பத்திரம் பதிவாகும் வீடு) வாங்கினால் சுமார் 1.8 சதவீதம் வரி, அதாவது எட்டாயிரம் டாலருக்கு மேல். அது உங்களுக்கு மிச்சம்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? அந்த இடத்தின் கதையிலேயே விடை இருக்கிறது. 1909இல் குயின்ஸ்பரோ பாலம் திறந்த கையோடு எட்வர்ட் மக்டூகல் என்பவரின் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் அங்கே வயல்வெளிகளை வாங்கிப் போட்டது. 1917இல் மேம்பால ரயில் வந்தது. அப்புறம் வரிசையாகக் கட்டினார்கள். ஆண்ட்ரூ தாமஸ் வடிவமைத்த ‘ஷாடோ’, ‘டவர்ஸ்’ போன்ற வளாகங்களைப் போய்ப் பாருங்கள்: தெருப்பக்கம் சுற்றிலும் கட்டடம், நடுவில் நீளமான தோட்டம், ஒருவருக்கும் தனியாகச் சொந்தமில்லாத தோட்டம். இதை விற்பதற்கு அவர்கள் செய்த வேலை விளம்பர வரலாற்றில் இடம்பிடித்தது. 1922 ஆகஸ்டில் ‘டபிள்யூஇஏஎஃப்’ வானொலியில் காசு கொடுத்து, ஹாதார்ன் கோர்ட் என்ற ஜாக்சன் ஹைட்ஸ் குடியிருப்பைப் பற்றிப் பேச வைத்தார்கள். வானொலியில் ஒலித்த முதல் கட்டண விளம்பரம் என்று அதைத்தான் சொல்வார்கள். உங்கள் தரகர் வெள்ளிக்கிழமை என்று அவசரப்படுத்துவது அந்த மரபின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் சொல்லாத இன்னொரு பக்கமும் இருந்தது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே வீடு இல்லை. பக்கத்து வீட்டுக்கு யார் வரலாம் என்று பங்குதாரர்களே தீர்மானிக்கும் கோ-ஆப் முறை அந்தத் தடைக்கு மிக வசதியாகப் பொருந்தியது. இன்று 74ஆம் தெருவில் இறங்கினால் நகைக்கடையும் மளிகைக்கடையும் இனிப்புக்கடையுமாக நம் ஊர்க் கடைத்தெரு மாதிரி இருக்கிறது. 1968இல் வந்த கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டம் அந்த வகைத் தடையைச் சட்டவிரோதமாக்கியது. ஆனால் ‘யார் வரலாம்’ என்று கேட்கும் நிர்வாகக் குழு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் மனைவி பார்த்து மயங்கிய தோட்டம் பொது. அதுபோலவே கொதிகலன் பொது, கூரை பொது, குழாய் பொது, கடனும் பொது. பொதுவில் பாதி இனிமை, பாதி தலைவலி. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தத் தலைவலியின் அளவை.

1,420 டாலருக்கு வருவோம். கொள்ளை இல்லை. டவுன்ஹவுஸின் 310 டாலரில் சொத்து வரி சேராது, சூடேற்றும் செலவு சேராது. நியூஜெர்சியில் சொத்து வரி எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோ-ஆப்பின் மாதத் தொகையில் மொத்தக் கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, குளிர்கால வெப்பம், சுடுநீர், சூப்பர் என்று எல்லோரும் அழைக்கும் பராமரிப்பாளரின் சம்பளம், கட்டடத்தின் மேலுள்ள கடனுக்கு வட்டி எல்லாம் அடக்கம். சொத்து வரியிலும் கடன் வட்டியிலும் உங்கள் பங்குக்கு வருவதை வருமான வரிக் கணக்கிலும் காட்டலாம். நான் பயப்படுவது இதில் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்: கடன்.

அனேகமாக எல்லாப் பழைய கோ-ஆப்புகளும் கட்டடத்தின் மேல் ஒரு அடமானக் கடன் வைத்திருக்கும். நீங்கள் தனியாக வாங்கும் கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது வீடு, கட்டடத்தின் மேல் 30 லட்சம் டாலர் கடன், வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு, 3.5 சதவீதம். வருடத்துக்கு 1,05,000 டாலர் வட்டி. கெடு முடிந்து 6.5 சதவீதத்தில் புதுப்பித்தால் 1,95,000. வித்தியாசம் 90,000. வீட்டுக்கு மாதம் 125 டாலர் கூடும். ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காமல்! அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கட்டடத்தின் கடன் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, எந்த வருடம் முடிகிறது? கையிருப்பு நிதி எவ்வளவு? கடைசி இரண்டு மூன்று வருடத்துக்குத் தணிக்கை செய்த கணக்கு அறிக்கையில் இது முழுக்க இருக்கும்.

கணக்கு அறிக்கையில் எண்கள்தான் இருக்கும். குழுக் கூட்டங்களின் குறிப்பேட்டில்தான் உண்மை இருக்கும். அதை வெளியே அனுப்பமாட்டார்கள் என்றால் நிர்வாக முகமையின் அலுவலகத்துக்கு வழக்கறிஞர் தரப்பில் ஒருவர் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். அலுப்பான வேலை. பூச்சித் தொல்லை, மிதிவண்டி அறைச் சாவி, நாய் குரைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதிக்காக இப்படிப் படித்தபோது ‘அடித்தளத்தில் காஸ் வாசனை, ஆள் வந்து பார்த்தார்’ என்று இரண்டு கூட்டங்களில் ஒரு வரி இருந்தது. எச்சரித்தேன். வீடு அழகாக இருந்தது, வாங்கிவிட்டார்கள். ஆறு மாதத்தில் கசிவு உறுதியானது. காஸ் நிறுவனம் மொத்தக் கட்டடத்துக்கும் இணைப்பைத் துண்டித்தது. குழாயை மாற்றி, சோதனை முடித்து, அனுமதி வாங்கி அடுப்பு மறுபடி எரிய பதினோரு மாதம். அதுவரை ஒரு மின்சார அடுப்பில் தோசை. இந்த ஊரில் இது அபூர்வமான கதை இல்லை. காஸ் குழாய்களை நான்கு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று நகரச் சட்டம் இருக்கிறது. கடைசிச் சோதனை எப்போது, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

ஆறு மாடிக் கட்டடம் என்பதில் உங்களுக்கு ஒரு நன்மை. ஆறு மாடியைத் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முகப்புச் சோதனை, சாரம் கட்டுவது என்று பெரும் செலவு வரும். உங்கள் கட்டடம் அதற்குள் வராது. ஆனால் தெருவை ஒட்டிய மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை 2024 முதல் வருடாவருடம் பார்த்தாக வேண்டும், உயரம் எதுவானாலும். அப்புறம் 2019இல் வந்த கரிமச் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியிடும் கரிமத்துக்கு 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள், மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும். நூறு வருடக் கட்டடத்தில் பழைய கொதிகலன் ஓடினால் அதை மாற்றும் செலவு உங்கள் காலத்தில்தான் வரும். ‘2030க்கு என்ன திட்டம்?’ என்று கேட்டால் குழுவில் ஒருவராவது தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

இனி சமையலறை. ஐந்தாம் அவென்யூ 1ஆம் எண் கட்டடத்தில் ஒரு பங்குதாரர் சமையலறையைப் பெரிதாக்க நினைத்தார். நடுவில் ஒரு நீராவிக் குழாய். அதை நகர்த்தக் கூடாது என்றது குழு. வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. குழு நிறுவனத்தின் நன்மைக்காக, தன் அதிகாரத்துக்குள், நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தால் நீதிமன்றம் தலையிடாது என்று 1990இல் தீர்ப்பு வந்தது. கோ-ஆப் சண்டை எதுவானாலும் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறோம். ஒரு குழாயில் தொடங்கிய சட்டம்! உங்கள் வீட்டு நீராவிக் குழாய்கள் எந்தச் சுவருக்குள் ஓடுகின்றன என்று கட்டடக்கலைஞரிடம் கேட்டுவிட்டு அப்புறம் சுவரை இடிப்பதைப் பற்றி யோசியுங்கள். கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேல் உங்கள் தண்ணீர்ப் புழக்கம் வரக் கூடாது என்பதும் அனேகமாக எல்லா இடத்திலும் விதி. வாஷிங் மெஷினை மறந்துவிடுங்கள். பழைய கழிவுக் குழாயில் சோப்பு நுரை இறங்கினால் கீழ்வீட்டுத் தொட்டியில் பொங்கும். அடித்தளத்தில் பொது சலவை அறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தாளிப்புப் புகையை வெளியேற்றச் சுவரில் ஓட்டை போடலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஜாக்சன் ஹைட்ஸின் இந்தப் பகுதியை 1993இல் நகரம் பாரம்பரிய வட்டாரமாக அறிவித்தது. வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும், ஜன்னல் உட்பட. முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் ஜன்னல் மாற்றியிருந்தால் அந்த விதிமீறல் பதிவு கட்டடத்தின் பெயரில் இருக்கும், செலவு உங்கள் தலையில் விழலாம். இதை நான் எப்போதும் பதிவேட்டில் பார்ப்பேன்.

ஜன்னல் விஷயத்தில் இன்னொன்று, மகளுக்காக. நகரத்தில் வீட்டுக்கு ஈய வண்ணம் பூசுவதை 1960இல்தான் தடை செய்தார்கள். 1924 வீட்டில் கீழடுக்கில் எங்காவது ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி இறக்கும் பழைய மர ஜன்னல்களில் உராய்ந்து உராய்ந்து தூளாக உதிரும் இடம்தான் ஆபத்து. 1978க்கு முந்தைய வீட்டை விற்பவர் அதுபற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சோதித்துப் பார்க்க உங்களுக்குப் பத்து நாள் கேட்கும் உரிமை உண்டு. ‘தேவையில்லை’ என்று டிக் போடும் கட்டம் ஒன்று அந்தத் தாளில் இருக்கும். அதில் டிக் போடாதீர்கள்.

குளிர்காலத்தில் வாங்குவதானால் ஒருமுறை மாலையில் போய்ப் பாருங்கள். 1918 விஷக்காய்ச்சலுக்குப் பிந்தைய காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்று ரேடியேட்டர்களைப் பெரிதாக வைத்தார்கள். அதனால் ஜனவரியில் வெளியே பனி, உள்ளே நம் ஊர்ச் சித்திரை. குழாயில் டங் டங் என்று சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

சரி, வாடகைத் திட்டம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். பெரும்பாலான கோ-ஆப்புகளில் இஷ்டத்துக்கு வாடகைக்கு விட முடியாது. முதல் இரண்டு வருடம் கூடவே கூடாது, பிறகு ஐந்து வருடத்தில் இரண்டு வருடம், அதற்கும் குழுவின் சம்மதம், கூடுதல் கட்டணம் என்பது போன்ற விதிகள் சாதாரணம். சில இடத்தில் அறவே இல்லை. விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் பல கட்டடங்கள் விற்கும்போது ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும், ‘ஃபிளிப் டாக்ஸ்’ என்பார்கள். தரகருக்கும் கொடுத்து இதையும் கொடுத்தால் நாலு வருடத்தில் விற்பவருக்குக் கையைக் கடிக்கும். நம்மவர்களுக்கு வீடு என்றாலே ஒரு முதலீடு, எப்போதும் ஒரு வாடகை வரும் என்ற நினைப்பு. கோ-ஆப் அதற்கான பண்டம் இல்லை. மகள் பள்ளி முடிக்கும் வரையாவது அங்கேயே இருப்போம் என்றால், கணக்கு அறிக்கையும் குறிப்பேடும் சுத்தமாக இருந்தால், வாங்குங்கள் என்பேன். நாலைந்து வருடம்தான் என்று உள்ளூரத் தோன்றினால் இந்த வீட்டை விட்டுவிட்டு காண்டோ பாருங்கள். உங்கள் மனைவிக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை.

வாங்குவது என்று முடிவானால் ஒப்பந்தத்துக்குப் பிறகு குழுவுக்கு ஒரு கட்டு காகிதம் கொடுக்க வேண்டும்: வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பரிந்துரைக் கடிதங்கள். பிறகு நேர்காணல். குழு உங்களை நிராகரிக்கலாம், காரணம் சொல்லாமலும் நிராகரிக்கலாம். ஆனால் இனம், மதம், பிறந்த நாடு, குடியுரிமை நிலை இவற்றுக்காக நிராகரித்தால் சட்டவிரோதம். விசாவில் இருக்கிறீர்களா, கிரீன் கார்டா என்று எழுதவில்லை. எதுவானாலும் தயங்க வேண்டாம். நாணயமாக விண்ணப்பித்தும் மறுத்தால் ஒப்பந்தப்படி முன்பணம் திரும்ப வரும், அந்த வாசகம் இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் பார்ப்பார். நேர்காணலில் கேட்டதற்குப் பதில் போதும். புதுப்பிக்கும் திட்டத்தை அன்று விரித்துச் சொல்லாதீர்கள்.

அப்பா அனுப்பும் பணம்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்களுக்கு அதில் வருமான வரி கிடையாது. ஆனால் ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் அமெரிக்க வருமான வரித்துறைக்கு 3520ஆம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மறந்தால் அபராதம் மாதத்துக்கு ஐந்து சதவீதம், 25 சதவீதம் வரை ஏறும். வரியே இல்லாத பணத்துக்கு அபராதம் கட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பணத்தில் அன்பளிப்பை ஏற்காத குழுக்களும் உண்டு. அதனால் பணத்தைச் சீக்கிரமே தருவித்து உங்கள் கணக்கில் சில மாதம் இருக்க விடுங்கள். அன்பளிப்புதான், கடன் இல்லை என்று அப்பாவிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

பெற்றோர் நீங்கள் வீட்டில் இருக்கும்போது வந்து தங்குவதைக் குத்தகை பொதுவாக அனுமதிக்கும். நீங்கள் இந்தியா போயிருக்கும்போது அவர்கள் மட்டும் தனியாக இருந்தால் சில இடங்களில் அது விருந்தினர் விதிக்குள் வரும், படித்துப் பாருங்கள். லிஃப்ட் இருப்பது நல்லது. ஆனால் இந்த வட்டாரத்தில் பல கட்டடங்களில் தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நாலைந்து படி ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலை மனதில் வைத்து அந்தப் படிகளை எண்ணுங்கள். அவருக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஃபிளஷிங், அங்கே பவுன் தெருவில் 1977இல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயில். கீழ்த்தளத்தில் கேன்டீன், தோசை நன்றாக இருக்கும்.

வெட் கிரைண்டருக்கு வீட்டு விதிகளில் தடை இருக்காது. ஆனால் இரவில் எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று இருக்கும், தரையில் எண்பது சதவீதத்துக்குக் கம்பளம் விரிக்க வேண்டும் என்றும் இருக்கும். சமையலறைக்குக் கம்பள விதி பெரும்பாலும் பொருந்தாது. கனத்த ரப்பர் விரிப்பின் மேல் கிரைண்டரை வைத்து மாலையில் ஓட்டச் சொல்லுங்கள். ஏசியும் மைக்ரோவேவும் ஓடும்போது அதையும் போட்டால் ஃபியூஸ் போகுமா என்பதுதான் பெரிய கேள்வி. வீட்டைப் பார்க்கப் போகும்போது மின்பெட்டியைத் திறந்து, எத்தனை ஆம்பியர் என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.